சூளகிரிக் கப்பலில் தக்காளி

— பூ கொத்துக் கொத்தா இருக்கு, ஒரு காய் இல்ல. எங்க தப்புன்னே புரியமாட்டேங்கு, பொற்கொடி.

— ஜன்னல் கண்ணாடி கிட்ட வந்து பேசு எட்சன். இந்த போன்ல உன் கொரலு தண்ணித் தொட்டிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்குது.

— இப்பக் கேக்கா? சரி, வரிசையாச் சொல்லுதேன், நீ தப்பைக் கண்டுபிடி. தண்ணி, குழாய் வழியா வேருக்கு நேராச் சொட்டுது. உரம், அந்தத் தண்ணியிலயே கரைச்சு விடுதேன். வெளிச்சத்துக்கு, செடிக்கு மேல செவப்பும் நீலமுமா லைட்டு. அது ஏன்னா, இலை அந்த ரெண்டு நெறத்தைத்தான் நல்லாச் சாப்பிடும். பச்சையை மட்டும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அதான் நம்ம கண்ணுக்கு இலை பச்சையாத் தெரியுது. நல்லாருக்குல்லா?

— அய்ய, ஆரம்பிச்சிட்டாரு வாத்தியாரு. அப்புறம்?

— அப்புறம் என்ன? செடி என் தோள் ஒசரத்துக்கு நிக்கி. பூக்கி. நாலு நாள்ல காம்போட கொட்டிருது.

— சூடு ஜாஸ்தியா இருக்குமோ?

— சூடே இல்ல. காத்துகூட மேல சல்லடை வழியா மெதுவா வந்து மெதுவாப் போவும். ஒரு இலை அசையாது.

— ம்.

— என்ன ம்? உங்கப்பா அந்த பிளாஸ்டிக் கூடாரத்துல, பாலிஹவுஸ்ல, தக்காளிதான வச்சிருக்காரு? கேட்டுட்டு வரச் சொன்னேம்லா?

— மறந்துட்டன்.

— போன ஞாயித்துக்கெழமையும் மறந்த.

— அவருக்கு ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு லோடு ஏத்தவே நேரம் பத்தல. எங்கம்மா இங்க கேன்டீன்ல வேலை செய்யறதால என்னை இந்த ஜன்னல் வரைக்கும் வுடறாங்க, அதுக்கே நீ எனக்குக் கும்புடு போடணும். ஆமா, இந்தக் கப்பலு எப்பதான்டா பறக்கும்? ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க.

— பறக்காதுன்னு எத்தன தடவ சொல்லுதது? ஷெட்டுக்குள்ளயே கப்பல் மாதிரி கட்டி, நாலஞ்சு குடும்பத்தை வச்சு மூடியாச்சு. பின்னால நெசக் கப்பல் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகையில, எங்கள மாதிரிப் பயலுவ அதுக்குள்ளயே வளர முடியுமான்னு பாக்கணும்லா?

— வெளிய ஹைவேல லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான். உள்ள இவரு செவ்வாய்க்குப் போறாரு!

— சிரி, சிரி. மாசக் கடைசிக்குள்ள பிஞ்சு பிடிக்கலைன்னா நான் அவுட்டு. தெரியுமா?

— அவுட்டுன்னா?

— கப்பல்ல பசங்களுக்குன்னு குடுத்த வேலையே தோட்டந்தான். அது தோத்துட்டா, பசங்க சும்மா சாப்பிடுதாங்கன்னு எங்களை மட்டும் எறக்கிருவாங்க. அப்பாவும் அம்மாவும் இன்னும் ஒரு வருசம் உள்ளதான் இருக்கணும்.

— எறக்கி வுட்டா நீ எங்க போவ?

— சூளகிரியிலயே சித்தி வீடு இருக்கு. உன் ஸ்கூல்லதான் சேப்பாளாம்.

— என் ஸ்கூலா? நெசமாவா?

— ஏன் இப்பிடிக் கத்துத? காது போச்சு.

— யாரு கத்தனா? எங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல எடம் இருக்குது, அதச் சொல்ல வந்தன். சாயந்தரம் ஒரே பஸ்லயே வரலாம். உன்ன ஒரு தடவகூட கண்ணாடி இல்லாம பாத்ததில்லடா நானு. உன் நெசமான கொரலு எப்புடி இருக்கும்னே தெரியாது.

— எனக்கும் அந்த ஆசை இருக்கு. சொல்ல மறந்துட்டேன், இந்த ஜன்னலோரச் செடியில மட்டும் ஒத்தப் பிஞ்சு வந்திருக்கு. இங்க பாரு, பட்டாணி அளவுக்கு. மத்த செடிக்கும் இதுக்கும் ஒரே தண்ணி, ஒரே லைட்டு. பெறவு இது மட்டும் எப்பிடி?

— காலைக் கீழ எடு.

— என்னது?

— செடியைக் கட்டியிருக்கற கம்பி மேல காலைப் போட்டு ஆட்டினே இருக்கற. எப்ப பேசினாலும் இதே வேலை. எடுடா, பாக்க நல்லால்ல.

— எங்கம்மா மாதிரியே ஏசுத.

— அவங்களும் திட்டுவாங்களா?

— தெனமும், சாப்பிடையில. அது எனக்குப் புதுசு, தெரியுமா? ஓசூர்ல அப்பாவுக்குக் காலை ஷிப்டு, அம்மாவுக்கு நைட் ஷிப்டு. ஒருத்தரு கம்பெனி பஸ்ல ஏறையில ஒருத்தரு எறங்குவாங்க. நான் காலாட்டுவேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சதே இங்க வந்த பெறவுதான். உள்ள பஸ் கெடையாதுலா? தப்பிச்சு எங்க போவாங்க? மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுதோம்.

— ம்.

— பதினாறு வயசுல அம்மா வேணும்னு சொல்ல வெக்கமா இருக்கு. அதான் தக்காளி, தக்காளின்னு சொல்லிட்டுத் திரியுதேன். சிரிக்காத.

— நான் சிரிக்கல.

— பெறவு ஏன் மொகத்தைத் திருப்புத?

— தூசி. இந்த ஷெட்டு முழுக்க தூசி. எட்சன், நீ இன்னும் ஒரு வருசம் உள்ளயே இருந்து, நான் இந்த ஜன்னலுக்கு வராமப் போய்ட்டா?

— நீ வருவ.

— ரொம்பத்தான் திமிரு.

— வருவதான?

— வரன், வரன். அப்பாவக் கேக்கத் தேவையில்ல, எனக்கே தெரியும். இப்ப நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கோ. நடுவுல வெளக்கம் குடுக்காத.

— என்னத்த?

— தக்காளிப் பூவுக்குள்ள மகரந்தம் ஒரு சின்னக் குழாய்ல அடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். பூ குலுங்கினாத்தான் அது கொட்டும், கொட்டினாத்தான் காய் புடிக்கும். வெளிய காத்தும் தேனீயும் குலுக்கும். இந்த ஜன்னலோரச் செடிய நீ காலால ஆட்டின, அதான் பிஞ்சு வந்திருக்குது. உனக்கு உள்ள ரெண்டும் இல்ல, எங்க பாலிஹவுஸ்லயும் இல்ல. அதனால தெனமும் ஸ்கூலுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி நான்தான் ஒவ்வொரு கம்பியா லேசாத் தட்டி வுடறன். நாளைலேர்ந்து நீயும் காலைல எல்லாக் கம்பியையும் ஒரு தட்டுத் தட்டு, காய் புடிச்சிடும்.