பள்ளத்துக்குப் போன கட்லா

மழை விட்ட நாலாம் நாள், சாரம் ஊர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் ஒரே வீட்டு மருமகள்கள் இருவர். ஆற்றோரம் நிலம் உள்ளவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவள் தகர டப்பாவை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"நேத்து நீ ஆக்குனது எங்க குட்டை மீனு."

"மீனு மேல உங்க பேரு எழுதியிருந்துச்சாக்கா?"

"ஆத்துல கட்லா ஏதுடி? குஞ்சு வாங்கியாந்து விட்டது நாங்க. அணை ரொம்பி தொறந்துட்டாங்க. ஆத்துத் தண்ணி குட்டையில ஏறி, மீனெல்லாம் உங்க பள்ளத்து வயலுக்கு எறங்கிடுச்சு."

"அணையிலயும் கட்லா வளக்கறாங்க. அங்கேர்ந்து வந்திருக்கும்."

"அப்ப எங்க குட்டையில ஏன் வெறும் சேறு நிக்குது?"

"பாகம் பிரிக்கறப்ப பள்ளம் வேணான்னு எங்க தலையில கட்டுனது நீங்கதானேக்கா."

வரிசை நகர்ந்தது. மூத்தவள் டப்பாவைக் காலால் தள்ளினாள்.

"மீனு போனாப் போவுது. எங்க வூட்டுக்காரரு உங்க வூட்டுல தின்னுட்டு வந்து, கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பிடி ஒரு கொழம்பு சாப்ட்டதில்லன்றாரு. எம் மீன ஆக்கிப் போட்டு எம் புருஷங்கிட்டயே பேரு வாங்கிட்டியேடி!"