தம்மாத்தூண்டு

தம்மாத்தூண்டா? அத கேக்கவா பாண்டிலருந்து பஸ் ஏறி இவ்ளோ தூரம் வந்த? குந்தும்மா, மோட்டார் கொட்டா நெழல்ல குந்து. அந்தப் பச்சக் கட்டு மேலயே குந்து, பரவால்ல. ஆமா, நெல்லுதான். பால் புடிக்கறதுக்குள்ளயே அறுத்தாச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல உன் வார்த்தைய முடிப்போம்.

அர்த்தம் இன்னா, கொஞ்சம்னுதான். கொஞ்சத்துலயும் கொஞ்சம். எம்மாம், இம்மாம்னு பேசறோம் இல்ல, அதுலருந்து வந்திருக்கும்னு உங்க காலேஜுல சொல்லுவாங்க. சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சு அது பொறந்த எடம் இதோ, இந்த வரப்பு. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

வரப்புக்கு அந்தாண்ட எங்க அண்ணன் இருசப்பன் நெலம். இந்தாண்ட என்னுது. அப்பா பிரிச்சுக் குடுத்தது. அப்போ இந்த வரப்பு மேல மாட்டு வண்டியே போவும். சரி, வண்டி வேணாம், பொய் எதுக்கு. எங்க அப்பாவ இது மேலதான் தூக்கினு போனோம். எங்க தெருவுக்கு சுடுகாட்டு வழி இதான். பாடைக்கு ரெண்டு பக்கமும் ஆளுங்க தாராளமா நடந்தாங்க.

நடவுக்கு முன்ன அண்ட வெட்டணும்மா. புல்லு, வேரு, எலி வளை எல்லாம் போற மாதிரி வரப்போட ஓரத்த மம்முட்டியால சீவிட்டு, சேத்த அள்ளி திரும்ப அணைக்கணும். சீவுன அளவுக்கு அணைச்சாதான் வரப்பு வரப்பா நிக்கும். எங்க அண்ணன் நல்லா சீவுவான். அணைக்கறப்பதான் அவனுக்கு இடுப்பு புடிச்சுக்கும்.

மொத வருஷம் கேட்டேன். இன்னாண்ணே, வரப்பு எளைக்குதேன்னு. தம்மாத்தூண்டு மண்ணுடா, அத்தப் போயி பேசினு நிக்கறியேன்னான். நடவு ஆளுங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. அதோட என் வாய் அடைஞ்சு போச்சு. அடுத்த நடவுக்கும் தம்மாத்தூண்டு. அதுக்கு அடுத்த நடவுக்கும் அதேதான். ஏரித் தண்ணி வர்ற வருஷம் எல்லாம் அவன் மம்முட்டியும் வரும்.

சர்வேயரா? கூப்பிடலாம். வந்து அளப்பாரு. ஊரு இன்னா சொல்லும்? தம்மாத்தூண்டு மண்ணுக்குக் கூடப் பொறந்தவன ஆபீசுல நிறுத்திட்டான் பாருன்னு சொல்லும். அதான்மா அதுக்கு அர்த்தம். எடுக்கறவன் வாயிலதான் அது வரும். பறிகுடுத்தவன் சொல்ல முடியாது. இதெல்லாம் உன் நோட்டுல எழுத மாட்ட, தெரியும்.

நானா? நான் என் பக்கத்துலருந்து நாலு கூடை சேறு போட்டு அணைச்சிருக்கலாம். வரப்பு நின்னிருக்கும். போட்டா வரப்பு என் நெலத்துக்குள்ள ஏறும். அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அதனால போடல. எங்க வூட்டுல அமுதம் கூட சொன்னா, போட்டுத் தொலைய்யா, ஆடு கூட நடக்க முடியாம வழுக்குதுன்னு. கேக்கல. மண்ணு போனது கசக்குதா, அன்னைக்கு அவங்க சிரிச்சது கசக்குதா, இப்ப வரைக்கும் எனக்கே புரியல. அவன் கெட்டவனா, நான்தான் அல்பமா, அதுவும் தெரியல.

மோளமா? ஆமா, எங்க தெருவுலதான். அவன்தான். இருசப்பன். நேத்து மத்தியானம் சாப்ட்டுட்டு கை கழுவ எழுந்தவன் அப்டியே வுழுந்துட்டான்.

சாரியெல்லாம் எதுக்கும்மா, உனக்கு எப்டித் தெரியும்.

காலையில அவன் புள்ள குமரவேலு வந்தான். சித்தப்பா, வரப்புல ரெண்டு ஆளு சேந்து நடக்க முடியாது, பாடை சாஞ்சுடும், உன் பக்கம் தம்மாத்தூண்டு எறங்கிப் போயிக்கறோம்னான். அப்பன் வாயி அப்டியே இருக்குது. ஏன்டா, உங்க பக்கமே எறங்கறதுதானேன்னு கேக்க வாயெடுத்தேன். அங்க இந்த வருஷம் கரும்பு, ஆளு ஒசரத்துக்கு நிக்குது. பாடை எங்க நுழையும்? அருவாள எடுத்துனு வந்து நானே அறுத்து வுட்டேன். நீ குந்தினு இருக்கறது அந்தக் கட்டுதான். பாசத்துல அறுத்தேனா, ஊரு பேசும்னு பயந்து அறுத்தேனான்னு கேக்காத. செத்தும் என் பக்கத்துல எடுத்துனுதான் போறான்.

போவாம இருப்பனா? விடிஞ்சதும் போயி மாலை போட்டுட்டு வந்துட்டேன். தெருவுலருந்து இதுவரைக்கும் அவங்க தூக்கினு வரட்டும், இங்கருந்து நான் தோள் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்.

அதோ வந்துட்டாங்க. எழுந்துரும்மா, அந்தக் கட்ட கொஞ்சம் நவுத்து. அங்க போவாத. வரப்புல கால் வெக்காத, அது உன்னக்கூட தாங்காது. எறங்கி, என் பக்கமா நில்லு.