இண்டைக்கு எங்கடை முறை

— அக்கா, திரும்பிப் பாராதை. அவன் இன்னும் அங்கைதான் நிக்கிறான்.

— அந்தோனியாரே! எங்கை, அந்தச் சாம்பல் காருக்குப் பக்கத்திலையோ?

— ஓம். பாராதை எண்டெல்லோ சொன்னன்.

— நீ பாராதை எண்டால் எனக்குக் கழுத்துத் தானாத் திரும்புது. அருள், அவன்ரை ஒரு கை ஜக்கெற்றுக்குள்ளை கிடக்கடா.

— என்ரை கையும்தான் உள்ளை கிடக்கு. குளிருது.

— உன்ரை கையிலை போன் இருக்கு. அவன்ரை கையிலை என்ன இருக்கெண்டு உனக்குத் தெரியுமோ?

— தெரியாது. பொறு, பாப்பம்.

— என்னத்தைப் பாப்பம்? போன மாசம் இந்த யூத ஆக்களின்ரை கோயில் சுவரிலை சுட்டவங்கள் எண்டு நீதானே சொன்னனீ. இதே ஒஸ்லோவிலை! அதைக் கேட்ட நாளிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை. நீ என்னடா எண்டால், ‘அக்கா, இண்டைக்கு என்னோடை முறை நிக்க வேண்டிய மற்றத் தேப்பன் பயத்திலை வரமாட்டனெண்டிட்டான், மோர்டென்ஸ்ருட்டிலையிருந்து ஒருக்கா வந்திட்டுப் போ, சும்மா வாசலிலை நிண்டால் காணும்’ எண்டு கூப்பிடுறாய்.

— ரண்டு பேர் நிண்டால்தான் கதவு திறப்பினம். அது இவையின்ரை ஒழுங்கு. நீ வராட்டில் இண்டைக்கு வகுப்பே இல்லை.

— இல்லாட்டில் என்ன? உன்ரை மனுசி யூதப் பொம்பிளை, பிள்ளை தாயின்ரை சமயத்தைப் படிக்கட்டும். நான் குறை சொல்லேல்லை. அதை வீட்டிலை வைச்சுப் படிப்பிக்கேலாதோ?

— ஹன்னாவுக்கே அரைகுறையாத்தான் தெரியும். சின்னனிலை அவவை இப்பிடியொரு இடத்துக்கு அனுப்ப வீட்டிலை வசதி இருக்கேல்லை. மகள் மிரியமுக்கும் அந்த நிலை வரக்கூடாதெண்டு கிடந்து துடிக்கிறா.

— அப்ப காவலுக்கு ஆள் பிடிச்சு வைக்கிறதுதானே?

— முந்தி வைச்சிருந்தவை. காவல் கம்பனிக்குக் குடுக்கிற காசாலைதான் பீஸ் ஒருத்தருக்கும் எட்டாமல் கிடந்தது. கூட்டத்திலை நான்தான் எழும்பிச் சொன்னனான். எங்கடை தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை தாய் தேப்பன் முறைவைச்சு வாசலிலை நிக்கிறனாங்கள், நீங்களும் அப்பிடிச் செய்து பீஸைக் குறையுங்கோ எண்டு. கை தட்டினவை, அக்கா.

— அட மடையா! எங்கடை பள்ளிக்கூடத்திலை நிக்கிறது பெடியள் பாடத்துக்கு ஒளிச்சுக் கடைக்கு ஓடாமல் பாக்க. இஞ்சை நிக்கிறது வெடி விழாமல் பாக்க! ரண்டும் ஒண்டோ?

— அப்ப எனக்கது விளங்கேல்லை. சுட்டது பிறகுதானே.

— ஒரு மஞ்சள் உடுப்பையாவது போட்டிருக்கலாம். காவலெண்டு தெரிஞ்சிருக்கும்.

— போடக் கூடாது. பேர்ப்பலகையையும் கழட்டிப்போட்டினம். என்ன இடமெண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாதாம்.

— அவனுக்குத் தெரிஞ்சுதானே நிக்கிறான்! அருள், காருக்குள்ளை குனியிறான்! என்னத்தையோ எடுக்கிறான்!

— கண்டனான்.

— கண்டிட்டுச் சும்மா நிக்கிறியோ? பொலிசுக்குப் போன் அடி! ‘வாசலுக்கு முன்னாலை ஒரு ஆள் நிக்குது, உள்ளை பிள்ளையள் இருக்குதுகள், கெதியா வாங்கோ’ எண்டு சொல்லு.

— அடிக்கலாம். அவன் வழியாலை போற ஆளெண்டால்? பொலிசு வந்த கதை பின்னேரத்துக்குள்ளை எல்லா வீட்டுக்கும் போயிடும். கமிட்டி பழையபடி கம்பனியைக் கூப்பிடும், பீஸ் ஏறும். ரொம்மனிலையிருந்து ஒரு தாய் தனிய வளர்க்கிற பிள்ளையளைக் கொண்டு வாறா. கலப்புக் கலியாணம் கட்டினவை, முந்தி வாசலுக்கே வரக் கூச்சப்பட்டவை, இப்ப வருகினம். எல்லாம் நிண்டிடும். என்ரை பிள்ளையும் நிண்டிடும்.

— அவன் வழியாலை போற ஆள் இல்லையெண்டால்?

— எனக்கும் பயம்தான் அக்கா. குளிரெண்டு சொன்னது பொய்.

— உள்ளை மிரியம் பாடுறது கேக்குது. ஊரிலை, கோயிலெண்டால் குண்டு போடாங்கள் எண்டு நம்பித்தானே அண்டைக்கு அம்மாவை உள்ளை இருத்திப்போட்டுத் தண்ணிக்குப் போனனாங்கள். திரும்பி வரேக்கை கூரை இருந்ததோ? இன்னொருக்கா என்னாலை ஏலாதடா.

— அதுதான் அவனிட்டையே போய்க் கேக்கப்போறன். உன்ரை போனுக்கு எடுக்கிறன், வெட்டாமல் காதிலை வைச்சிரு. என்ரை குரல் மாறினால் உள்ளை ஓடிக் கதவைப் பூட்டி, டீச்சரைக் கொண்டு பொலிசுக்கு அடிப்பி.

— போகாதை! அருள்! சரி, பொறு, இந்தச் சால்வையைக் கழட்டட்டோ? கண் மட்டும்தான் வெளியிலை தெரியுது, ஓடேக்கை விழுந்திடுவன்.

— வேண்டாம், உனக்குக் குளிர் ஒத்துவராது. சுத்தினபடி நில்.

— மாதாவே, அவனைப் பாத்துக்கொள்ளும்.

— அக்கா, கேக்குதோ?

— கேக்குது. மெல்லப் போ.

— றோட்டைக் கடந்திட்டன். என்னைக் கண்டிட்டான். பின்னுக்குப் போறான்.

— கை? கையைப் பார்!

— எடுக்கிறான்... போன்தான். வெறும் போன் அக்கா.

— அந்தோனியாரே, உமக்கு ஒரு கட்டு மெழுகுதிரி! காருக்குள்ளை என்ன?

— ஒரு பிள்ளை. சின்னப் பெட்டை. சீற்றுக்குக் கீழை பதுங்கிக் கிடக்குது. மேலாலை கோட்டைப் போட்டு மூடியிருக்கு.

— ஐயோ, கடத்திக்கொண்டு வந்திட்டானோ?

— பொறு, கதைச்சிட்டுச் சொல்லுறன்.

— அருள்? என்னடா ரண்டு பேரும் குசுகுசுக்கிறியள்? அருள்!

— இவர் திராமன் ரவுணிலையிருந்து வந்திருக்கிறார் அக்கா. பீஸ் குறைஞ்சிட்டுது, கலப்புக் கலியாணத்துப் பிள்ளையளையும் எடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு, மகளைச் சேர்க்க வந்தவராம். இண்டைக்குத்தான் முதல் நாள்.

— அப்ப நேர வாறதுக்கென்ன? கள்ளன் மாதிரி நிண்டு எங்கடை உயிரை எடுத்துப்போட்டார்! பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு, பாவம், விறைச்சுப் போயிருக்கும். ... அருள், சைரன் சத்தமோ? நீ அடிச்சிட்டியோ?

— நான் அடிக்கேல்லை.

— டீச்சரும் வெளியிலை வரேல்லையே. அப்ப ஆருக்கு வாறாங்கள்?

— அக்கா, அந்தச் சால்வையைக் கழட்டு. ரண்டு கையையும் வெளியிலை எடுத்து, வாற ஆக்களுக்குத் தெரியிற மாதிரி வைச்சிரு. அசையாதை.

— ஏன்டா? ஆர் அடிச்சது?

— இவர்தான். ‘வாசலிலை ரண்டு பேர் நிக்கினம், ஒராள் முகத்தை மூடியிருக்கு, உள்ளை பிள்ளையள் இருக்குதுகள், கெதியா வாங்கோ’ எண்டு.