கம்பளியில் கிடந்தவர் போட்ட சத்தம்

"நேத்து என்னையக் கம்பளியில கட்டித் தூக்குனாங்கடி. அத்தனை நாட்டு டாக்டருங்களும் பாத்தாங்க!"

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாவின் குரல் இன்ஜின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போனாள்.

"ஐயையோ, என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எம்மக ஸ்டெல்லா எமர்ஜென்சி டாக்டருக்குப் படிக்குதுல்ல? வெளிநாடுகள்ல அதே படிப்புப் படிக்கிறவங்களுக்கெல்லாம் இப்ப இவதான் லீடர். ஜீப்பு வராத எடத்துல நோயாளிய எப்படித் தூக்குறதுன்னு, நம்ம எஸ்டேட் லயத்து வீடுங்ககிட்ட வச்சு போன் வீடியோவுல அவங்களுக்குக் காட்டுனா. நோயாளி நான்."

"சும்மா படுத்திருந்தியா?"

"எங்க? எறக்கத்துல என் தலையக் கீழ்ப்பக்கமா வச்சுத் தூக்கச் சொல்லிட்டா. 'தலை மேட்டுப் பக்கம்டி!'ன்னு கத்திப்புட்டேன்."

"அத்தனை பேரு முன்னாடியா! கோவிச்சுக்கலையா?"

"சிரிச்சா. 'எங்கம்மா சொல்றதுதான் சரி, எழுதிக்கோங்க'ன்னு அவங்ககிட்ட இங்கிலீசுல சொல்லியிருக்கா. எல்லாரும் குனிஞ்சு எழுதுனாங்கடி!"

"தலை மேட்டுப் பக்கம் இருக்கணும்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"இவ பொறக்குறப்ப என்னைய அப்படித்தான தூக்கிட்டுப் போனாங்க. ஜீப்பு நின்ன எடம் வர்றதுக்குள்ள கம்பளியிலயே பொறந்துட்டா."