மீட்டர் ஓடாத வீடு

காலி வீட்டைப் பராமரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, ஐயா. திரேஸ்புரத்து உப்புக் காற்றுக்கு, ஆள் புழங்காத பூட்டு ஒரே மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும்.

கீழ் வீட்டில் நாங்கள், மாடி வாடகைக்கு. அவ்வளவுதான் எங்கள் சொத்து. மாடி காலியாகக் கிடந்தபோது, அந்தக் காலத்துக்கு வீட்டு வரியில் சலுகை கேட்டு என் வீட்டுக்காரர் கிளாட்வின் மனுக் கொடுத்தார். விசாரிக்க வந்தவரிடம் பக்கத்துக் கடைக்காரர் செல்லப்பாண்டி அண்ணாச்சி தெருவே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "மேல ஆளு இருக்குல்லா. கள்ளத்தனமா வாடகை வாங்குதான்."

வெங்காய மூட்டை அடுக்க மாடியைக் கேட்டு, நாங்கள் கொடுக்கவில்லை என்ற கடுப்பு அவருக்கு. சலுகை போனால் போகட்டும். கள்ளன் என்ற பெயரோடு கிளாட்வினால் கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை. தெருவில் தலைகாட்டாமல் படுத்தவர் அப்படியே போய்ச் சேர்ந்தார். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை.

போன வருஷம் அண்ணாச்சி பக்கவாதத்தில் விழுந்தார். கடையையும் வீட்டையும் விற்றுவிட்டு மகன் செந்தூர்வேல் துபாய்க்குக் கிளம்பினான். "வேற யாரு இருக்கா, அக்கா? மாடியில வச்சு, சோறு மட்டும் குடுத்துப் பாத்துக்கிடுங்க, விக்டோரியாக்கா," என்றான். சரி என்றேன். நாக்குக் குழறிய அண்ணாச்சி என் கையைப் பிடித்து அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டேன்.

பிறகு மறுபடி மனுக் கொடுத்தேன். கிளாட்வின் கேட்டது அவருக்குக் கிடைக்க வேண்டாமா? வரி அலுவலகத்தில் சண்முகப்ரியா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். "காலி வீடுன்னா மீட்டர் ஓடியிருக்கக் கூடாது, தண்ணி புழங்கியிருக்கக் கூடாதும்மா."

நியாயமான விதிதான். மீட்டர் ஓடக் கூடாதே என்று ஃபியூஸைப் பிடுங்கினேன். தண்ணீர் புழங்கக் கூடாதே என்று வால்வை அடைத்தேன். காலி வீட்டுக்குச் சோறு கொண்டுபோனால் தெரு என்ன நினைக்கும்? அதையும் நிறுத்தினேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கிளாட்வின் காலத்துத் துருப்பிடித்த பூட்டையே போட்டேன். மகன் போன் பண்ணும்போதெல்லாம், "அப்பா தூங்குதாருப்பா," என்றேன்.

சண்முகப்ரியா பார்க்க வந்த அன்று உள்ளே தரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"யாரும் இருக்காங்களாம்மா?"

"எலிம்மா. வீடு காலிதான்."

பூட்டைப் பார்த்தாள், எழுதிக்கொண்டு போனாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. பொய் சொல்லிவிட்டோமே என்றுதான் உறுத்தியது.

நல்லவேளை, மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு அவள் இன்னொரு முறை வந்தாள். அதற்குள் சத்தம் நின்று நாளாகியிருந்தது. கருவாடு காயும் தெரு என்பதால் வாடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வீடு காலிதானா என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். மனசு லேசாகிவிட்டது.

செந்தூர்வேல் வந்து பூட்டை உடைத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி. நான்தான் கொன்றேன் என்றும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொல்லிச் சலுகை வாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை.