ரெண்டாவது எண் கூடணும்

“ஹலோ... ஏலே பாண்டி, எங்கல இருக்க? எத்தன தடவ அடிக்கேன்... சத்தமாப் பேசு... என்னது? வழி தெரியலயா?”

மூன்று மணிக்குச் சாப்பிட உட்கார்ந்த செண்பகவல்லி சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள். சங்கரன்கோவிலில் சர்வேயர். தம்பி பாண்டியராஜனும் அவனுடைய கடையநல்லூர்ச் சிநேகிதன் முகம்மது ஹுசைனும் விடியற்காலையிலேயே வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையேறப் போயிருந்தார்கள். கையில் செல்போன் மேப் இருக்க வேறென்ன வேண்டும் என்று போனவர்கள்.

“மேப் வெறுமனே வெள்ளையா நிக்குதா? நெட் இல்லாட்டா அப்படித்தாம்ல நிக்கும். முன்னாடியே டவுன்லோடு பண்ணியா?... சரி, சரி, ஏசல. ஹுசைன் போன் என்னாச்சு?... ஓடையில விட்டுட்டானா! ஒனக்கு சார்ஜ்?... ஆறா? ஆறு பர்சென்ட்டா! தெக்க மழ வேற இருட்டிட்டு வருதா... ம்... ம்...”

மலையில் மழை இறங்கிவிட்டால் அந்த ஓடையை யாரும் தாண்ட முடியாது. லேப்டாப்பைத் திறந்தாள். குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

“பயப்படாத மக்கா. ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம். மேப்புல நீலப் புள்ளி இருக்கா?... ஆமா, ஆமா, அத அமுக்கிப் பிடி. ரெண்டு எண் வருதா? வாசி... ஒம்பது புள்ளி ரெண்டு நாலு, சரி, ரெண்டாவது?... எழுபத்தேழு புள்ளி மூணு ஆறு ரெண்டு... இரு.”

எண்களைத் தட்டியதும் செயற்கைக்கோள் படத்தில் மலைமுதுகு விரிந்தது.

“ஏலே, ஊரு கெழக்க கெடக்கு, நீங்க மேற்க மேல ஏறிட்டிருக்கிய போல! யாரு சொன்னது இது எறங்குற வழின்னு?... ஹுசைனா? அவன்ட்ட குடு... தம்பி, வெயில் எந்தப் பக்கம் அடிக்கி?... மொகத்துலயா? அப்ப திரும்புங்க. முதுகுல அடிக்கணும். ரெண்டாவது எண் கூடணும், கூடுனாத்தான் கெழக்க வாறியன்னு அர்த்தம். கொறஞ்சா நின்னுருங்க... ஆமா, ஆமா. இப்ப வைங்க, சார்ஜ் போயிரும். பத்து நிமிஷங் கழிச்சு அடிங்க.”

பத்து நிமிடம் இருபத்தைந்தானது. ஆறிய சோற்றின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. போன் அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஹலோ, எண்ணச் சொல்லு... மூணு ஆறு எட்டு! ஏலே, அறுநூறு மீட்டருக்கு மேல வந்துட்டிய, ஓடையும் தாண்டியாச்சு! இடது பக்கம் போயிராத, பள்ளம். வலது பக்கம் ஓட்டுக் கூரை ஒண்ணு இருக்கும்... நல்லாப் பாரு... தெரியுதா? தெரியுதா!... என்ன சத்தம், நாயா?... வாலாட்டுதா, அப்பச் சரி... தோட்டக்காரம்மா உள்ள வரச் சொல்லுதாவளா? போங்கல, போங்க!... ஆங், கேக்குது, ஓட்டுல மழ விழுதது இங்கன வரைக்கும் கேக்குது...”

அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண் கலங்கியது.

“என்ன சொல்லுத?... அடுத்த தடவ நானும் வரணுமா? ஏலே, காலைல அஞ்சு மணிக்கு ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு வாசல்லதானல நின்னேன்! ரெண்டு பேரும் ஒரு வார்த்த கேட்டியளா... ஹலோ? பாண்டி? ஹலோ?”