தருலதாவை அழவைத்தவன்

இலிஷ் மீனில் முள் பார்த்துச் சாப்பிட என் மனைவிக்கு இன்றுவரை வராது. கல்கத்தாவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான்தான் முள்ளை நீக்கி அவள் தட்டில் வைக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் பாபு, நான் அவளை வெறுத்தவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

தருலதா கர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மாவே அவள் நாடகத்துக்கு ஹாத்திபாகான் கொட்டகை வாசலில் வரிசையில் நின்றிருப்பார். ஆனால் நான் அவளைக் கட்டிக்கொண்டபோது அவள் சாதாரண நடிகை. அழகு இருந்தது, குரல் இருந்தது, அழத்தான் தெரியாது. துக்கக் காட்சி வந்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்குவாள். பின்வரிசையில் வேர்க்கடலை உடைக்கிற சத்தம் மேடைவரை கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. இடைவேளையில் கிருஷ்ணநகரிலிருந்து அவள் சித்தப்பா வந்தார். சூது வாது தெரியாத மனிதர். நேராக ஒப்பனை அறைக்குள் போய், "தரு, அப்பா போயிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டார். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் எழுந்தாள், நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள், மேடைக்குப் போனாள். கணவனை வழியனுப்பும் காட்சி. அவள் அழவில்லை. வெறும் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டகையில் ஓர் இருமல்கூட இல்லை.

அடுத்த வாரமே டாலிகஞ்ச் சினிமா ஸ்டூடியோவிலிருந்து கார் வந்தது.

பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு அன்று ஒன்று விளங்கியது. அவளிடம் எல்லாம் இருக்கிறது. துக்கத்தை மட்டும் யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்து தர வேண்டும்.

முதலில் பொய்களை வைத்தே சமாளித்தேன். முதல் படத்தில் கிளிசரின் போட்டும் காட்சி எடுபடவில்லை. "உன் அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம்" என்று காதில் சொன்னேன். ஒரே டேக்கில் முடிந்தது. பிறகு உண்மையைச் சொன்னதும் என் மார்பில் குத்தினாள்.

"நீங்கல்லாம் மனுஷனா? ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு."

"காட்சி எப்படி வந்துச்சுன்னு பாத்தியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் வந்துச்சு" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

சில படங்களுக்குப் பிறகு பொய் செல்லவில்லை. "இந்தத் தடவ யாரு செத்தா?" என்று பவுடர் பூசிக்கொண்டே கேட்பாள். ஆகவே நிஜம் தேவைப்பட்டது.

அவள் தம்பி மண்ட்டு குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவன். இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டோடு வந்து இருந்தான். ஓர் அச்சகத்தில் வேலை, சாயங்காலம் அக்காவோடு கேரம் என்று திருந்தியிருந்தான். தரு அப்போது ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். புது நாடகத்தின் ஒத்திகை சப்பென்று போய்க்கொண்டிருந்தது. நான் அவன் அறை அலமாரியில் ஒரு பாட்டில் வைத்தேன்.

"அத்தான், இத எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான்.

"இருக்கட்டும் மண்ட்டு. உம்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

அது காலியானதும் இன்னொன்று வைத்தேன். வாயைத் திறந்து யாரும் ஊற்றவில்லை. துர்கா பூஜைக்கு முன்னால் அவன் போய்ச் சேர்ந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அரங்கு நிறைந்தது. விருது வாங்க தில்லிக்குப் போன ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

நடுவில் சின்னச் சின்னவை உண்டு. அவளுடைய தோழி பேச்சை நிறுத்தியது, அவளுடைய இரண்டாவது கர்ப்பம். அவற்றை இப்போது எழுத வேண்டாம்.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள் ரூணு பிரசவத்துக்காக ஆசன்சோலிலிருந்து வந்திருந்தாள். தருவைப் பிடிக்க முடியவில்லை. மாங்காய் ஊறுகாய் போடுகிறாள், குட்டிச் சட்டை பின்னுகிறாள், சதை போட்டுவிட்டாள். வருகிற சனிக்கிழமை அரங்கேறும் நாடகத்தில் அவளுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம். இயக்குநர் நிருபம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, அக்கா வசனமெல்லாம் சுத்தமா சொல்றாங்க. ஆனா வயிறு நெறஞ்ச முகமா இருக்கு. என்ன செய்றது?"

வீட்டில் அவளிடம் கேட்டேன். "எனக்குப் போதுங்க" என்றாள். "இதுதான் கடைசி. அப்புறம் பேரப்புள்ளையோட இருக்கப்போறேன்."

இத்தனை வருஷ உழைப்பும் வயிறு நிறைந்த முகத்தோடு முடியப்போகிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா?

எங்கள் மாடியில் ஒரு மூலையில் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறது. அதன் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை நான் அந்த மூங்கிலை அவிழ்த்தேன். துணிக்கொடியின் ஒரு முனையை அந்த மூலைக்கு மாற்றிக் கட்டினேன். மழை பெய்து பாசி பிடித்திருந்தது. நான் செய்தது இவ்வளவுதான். கீழே வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ரூணு ஈரத்துணி வாளியோடு மேலே போனாள்.

"அப்பா, கொடிய யாரு இங்க மாத்திக் கட்டினது?" என்று மேலிருந்து கேட்டாள்.

"நான்தாம்மா. அங்கதான் வெயில் நல்லா விழுது."

நான் யாரையும் தள்ளவில்லை. அதைத் தயவுசெய்து தெளிவாக எழுதுங்கள்.

தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான். தரு முற்றத்தில் ரூணுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் கோணியது. இப்போது கத்தித் தீர்த்துவிட்டால் எல்லாம் வீணாகிவிடுமே என்று எனக்குப் பதறியது. குனிந்து அவள் காதில், "அழுதுடாத தரு. சனிக்கிழமைக்கு வெச்சுக்கோ" என்றேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு ரூணுவைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். கொடியைப் பார்த்திருப்பாள், அவிழ்த்த மூங்கிலையும் பார்த்திருப்பாள். இறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்துவிட்டாள்.

உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிவந்தபோது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணக் கொன்னது இவர்தான். எந் தம்பியையும் இவர்தான்." குரல் ஏறவில்லை. கை மேஜைமேல் அப்படியே கிடந்தது. 'தம்பி' என்கிற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டாள். உங்கள் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கவனித்தீர்களா?

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். நிருபமுக்கு ஆள் அனுப்பி, சனிக்கிழமை காட்சியை ரத்துசெய்ய வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். தரு தயாராகிவிட்டாள்.